வழி குறைந்து வந்த மெயில்

அன்று மாலை குப்பைப் பெட்டி காலியாக இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். காலிதான். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக நடக்கும் மெயில் குழு அது. யார் ஒரு மெயில் போட்டாலும் குழுவில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேரும். அதனாலேயே உலகத்துக் குப்பையெல்லாம் அங்கே வந்து மோதும். முடி வளர மருந்து, நிமிஷத்தில் கடன், எங்கோ செத்துப்போன பணக்காரர் யாருக்கோ விட்டுப்போன சொத்து. ஃபில்டர் பிடித்து நிறுத்தி வைத்ததை எல்லாம் பார்த்து, குப்பையை அழித்துவிட்டு, தெரியாமல் மாட்டிக்கொண்ட நல்ல மெயிலை மட்டும் குழுவுக்கு அனுப்பிவைப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது. தம்பி காணாமல் போனபின், கைக்கு ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்று அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டது.

"என்ன மேடம், குப்பை பொறுக்கி முடிச்சாச்சா?" ஆபீஸிலிருந்து கிளம்பும்போது அவள் கணவன் தினமும் ஃபோனில் கேட்கும் கேள்வி.

"இன்னைக்குக் குப்பையே வரலைங்க."

"அவங்களும் மனுஷங்கதானே, லீவு போட்டிருப்பாங்க. இங்க ரோடெல்லாம் தண்ணி நிக்குது. வர நேரமாகும் போல. நீயும் அத்தையும் எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடுங்க."

ஃபோனை வைத்தாள். வெளியே சலிக்காத மழை. காயாத துணிகளைக் கொடி கட்டி அறைக்குள்ளேயே போட்டிருந்ததால் ஈர வாடை மூக்கில் ஏறியது. அடுத்த அறையில் அம்மா டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி போன நாளிலிருந்து வீட்டில் டிவி அணைவதே இல்லை. சத்தமில்லாத வீட்டில் ஒவ்வொரு சின்ன ஓசையும் அவன் செருப்புச் சத்தம் மாதிரியே கேட்கிறது என்பாள் அம்மா.

திரையில் ஒரு வரி முளைத்தது. நிறுத்தி வைக்கப்பட்ட மெயில், ஒன்று.

அனுப்பியவர் இடத்தில் தம்பியின் முகவரி.

நாற்காலியின் கைப்பிடியை எப்போது பிடித்துக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தி வைத்த மெயிலை முழுசாகப் படிக்க முடியாது, முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்க வேண்டுமென்றால் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புள்ள வாடிக்கையாளரே, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. இன்றே விண்ணப்பியுங்கள். குட்டிக்கா குளிருது. இந்த வாய்ப்பு சிலருக்கு மட்டுமே.

குட்டிக்கா. அவனைவிடக் குள்ளமாகப் போய்விட்ட அக்காவுக்கு அவன் வைத்த பெயர். அப்படிக் கூப்பிட வேறு யாரும் கிடையாது.

அவள் தபால்காரரை ஃபோனில் கூப்பிட்டாள். அவர் நிஜத்தில் தபால்காரர் இல்லை. குழுவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர். எந்த மெயில் எந்த வழியாக வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பதால் குழுவே சேர்ந்து வைத்த பேர். கடைக்குப் போன அவர் மனைவி திரும்பி வரவே இல்லை. அந்த மனைவியைத் தேடித்தான் அவர் இந்தக் குழுவையே ஆரம்பித்தார்.

"அண்ணே, தம்பி மெயில் போட்டிருக்கான்."

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"தங்கச்சி, உக்காந்துக்க. அனுப்புறவங்க பேர் இருக்கே, அதை யாரு வேணாலும் போட்டுக்கலாம். கவருக்குப் பின்னாடி எழுதுற பேர் மாதிரிதான். ஆனா மெயில் எங்கெங்க கை மாறுதோ அங்கெல்லாம் ஒரு முத்திரை விழும். அது பொய் சொல்லாது. இது எங்கேயோ கடல் தாண்டிக் கிளம்பி ஊரெல்லாம் சுத்தி வந்திருக்கு. குப்பை. அழிச்சிடு."

"குட்டிக்கான்னு எழுதியிருக்கேண்ணே. அது வெளியில யாருக்குத் தெரியும்?"

"நீயே எழுதினியேம்மா. குழுவுக்குப் போட்ட முதல் மெயில்ல. அவன் எப்படிச் சிரிப்பான், எந்தப் பக்கமாப் படுப்பான், உன்னை எப்படிக் கூப்பிடுவான், எல்லாத்தையும். நாம எல்லாருமே அப்படித்தான் எழுதி வெச்சிருக்கோம். பழைய மெயிலை யாரு வேணாலும் படிக்கலாம்னு நான்தான் திறந்து விட்டேன், யாராவது பார்த்து அடையாளம் சொல்லமாட்டாங்களான்னு. ஸ்பாம் அனுப்புறவன் அதைத்தான் அள்ளிக்கிட்டுப் போயிருக்கான்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவள் 'அழி' பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். விரல் இறங்கவில்லை.

இரண்டாவது மெயில் வந்தது.

குறைந்த வட்டியில் கடன். குட்டிக்கா கதவு எந்தப் பக்கம். சலுகை இன்று மட்டும்.

"அண்ணே."

"பாத்துட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "இது அவ்வளவு தூரம் சுத்தல. முத்திரை பாதிதான் இருக்கு. கடல் தாண்டவே இல்ல."

"அப்ப பக்கத்துல இருக்கானா?"

"அவன்னு சொல்லாத தங்கச்சி. அந்த முகவரியையே தடை பண்ணிடு. அப்புறம் வராது."

அப்புறம் வராது. தம்பியின் முகவரியிலிருந்து இனி எதுவும் எப்போதும் வராது. போலீஸ்காரர்கள் கையை விரித்தபோதுகூட அவள் அழவில்லை. இப்போது ஒரு பொத்தானைப் பார்த்துக் கண் நிறைந்தது. அடுத்த அறையில் டிவியில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

மூன்றாவது மெயில்.

அன்புள்ள வாடிக்கையாளரே. குட்டிக்கா நான் இருக்கிற இடம்

அங்கே வெட்டுப்பட்டிருந்தது. மீதி உள்ளே.

"அண்ணே, முழுசையும் உங்களால பார்க்க முடியும்ல? படிச்சுச் சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அவர் மறுபடி விசைப்பலகையைத் தட்டினார்.

"இதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. வெறும் வெள்ளை. முத்திரையும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, நம்ம கம்ப்யூட்டரோடது. வேற எங்கேயிருந்தும் கிளம்பல. அழிச்சிடு தங்கச்சி. இப்பவே."

"பொய் சொல்றீங்க."

"சத்தியமா இல்லம்மா."

"அவன் இடத்தைச் சொல்றான். நீங்க மறைக்கிறீங்க. உங்க வீட்டுக்காரம்மா எழுதியிருந்தா அழிச்சிருப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கை முந்திக்கொண்டது.

'அனுப்பு.'

மெயில் குழுவில் இருந்த எல்லா வீட்டுக்கும் போனது. அவளுக்கும் வந்தது. திறந்தாள்.

குட்டிக்கா நான் இருக்கிற இடம்

கீழே வெள்ளை. இன்னும் கீழே தள்ளினாள். வெள்ளை. தள்ளத் தள்ள வெள்ளை. மவுஸ் சக்கரம் சுழலும் சத்தம் காதுக்குள் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி.

உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது.

குழுவிலிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. அக்கா, என் பையன் எழுதியிருக்கான் அக்கா. எங்கப்பா மெயில் போட்டிருக்கார், அவர் எழுத்துதான், சந்தேகமே இல்ல. பாப்பா என்னைச் செல்லமாக் கூப்பிடுற பேர் போட்டிருக்கா. ஒரே மெயில்தான் போனது. ஒவ்வொரு வீட்டிலும் அதை வேறொருவர் அனுப்பியிருந்தார்.

திறக்காதீங்க என்று அடித்தாள். அனுப்பினாள். அவளுடைய மெயிலையே ஃபில்டர் பிடித்து நிறுத்தியது. மறுபடி அனுப்பினாள். பிடித்தது. காலியாக இருந்த குப்பைப் பெட்டியில் இப்போது அவள் எழுதியது மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிறைந்துகொண்டிருந்தது.

திறக்காதீங்க. திறக்காதீங்க. திறக்காதீங்க.

காதோரம் ஃபோன் இன்னும் அறுபடாமல் இருந்தது.

"தங்கச்சி." தபால்காரர் குரல் குழந்தை மாதிரி குழைந்திருந்தது. "வாசல்ல நிக்கிறா."

"அண்ணே, நீங்கதானே சொன்னீங்க. பேர யாரு வேணாலும் போட்டுக்கலாம்னு. வழியைப் பாருங்கண்ணே. எந்த வழியா வந்தாங்க?"

"எந்த வழியாவும் வரலம்மா." அவர் அழுதுகொண்டே சிரித்தார். "நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தெருவுல யாரும் நடந்து வரல. திடீர்னு நிக்கிறா. தெரியுதும்மா, எல்லாம் தெரியுது. ஆனா இத்தனை வருஷம் கழிச்சு நிக்கிறவளை எப்படி வெளியில நிறுத்துறது?"

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. மூச்சுகூட இல்லை.

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். டிவி சத்தம் இல்லை.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். வெகு நாளாக அந்த வீட்டில் கேட்காத குரலில்.

"இவ்வளவு நேரமா மழையிலயா நின்னே? ஒரு வார்த்தை கூப்பிடக்கூடாதா? அக்காகாரி உள்ளதான் உக்காந்திருக்கா, காது கேக்காம."

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொடியில் தொங்கிய ஈரத் துணிகள் முகத்தில் உரசின. கதவருகில் நின்றாள்.

சோபாவில் அம்மா. அம்மா மடியில் தம்பியின் தலை. அம்மா முந்தானையால் அவன் முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முடி காய்ந்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. வாசலிலிருந்து சோபா வரை தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை, ஒரு சுவடில்லை. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

"பாருடி, யாரு வந்திருக்கான்னு."

அவன் திரும்பினான். அவன் கண். அவன் மூக்கு. அவனேதான். அவளைப் பார்த்துச் சிரித்தான், அவள் எழுதி வைத்திருந்தபடியே.

"அம்மா, எழுந்து வா. அவன் கிட்டயிருந்து எழுந்து வாம்மா."

"போடி. என் புள்ள."

அவன் வாய் திறந்தது. தம்பியின் குரல்தான். தூங்கி எழுந்தவன் குரல் போலக் கரகரப்பாக, பாசமாக.

"அன்புள்ள வாடிக்கையாளரே. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது."

அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "கிண்டல் மட்டும் குறையல பாரு இவனுக்கு."

அவன் வாய் மூடிக்கொண்டது. குரல் நிற்கவில்லை.

"இன்றே விண்ணப்பியுங்கள். இந்த வாய்ப்பு சிலருக்கு மட்டுமே."

குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். அம்மாவின் கை காய்ந்த முடியைத் துவட்டுவதை நிறுத்தவே இல்லை. கண்ணில் வழிந்த நீர் கன்னத்திலேயே நின்றுவிட்டிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

தம்பியின் குரலில்.