வாயாடியின் ஐந்து பொய்கள்

வாயாடிக்கு வயது பத்து. அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே அம்மாதான். வைத்த அம்மா இப்போது வீட்டில் இல்லை. விமானம் ஏறி, கடல் தாண்டி, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது.

அம்மா போனதிலிருந்து வாயாடி வாய் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. காலையில் அப்பாதான் தலை பின்னிவிடுவார். அவர் பைக் மெக்கானிக். நட்டு முடுக்குவதுபோல ஜடையை முறுக்குவார்.

"அப்பா, வலிக்குது!"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. லூசா விட்டா கழண்டுடும்."

சிரிப்பு வரவேண்டிய பேச்சுதான். இரண்டு பேருக்குமே வரவில்லை.

தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மா வீடியோ போனில் வருவாள். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், ஸ்கூல் சூப்பர்" என்பாள். அன்று அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அழுதியாம்மா?"

"ஜலதோஷம்டி."

"சும்மா கதை விடாதே."

அம்மா பெருமூச்சு விட்டாள். "பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்க. என் பொய் விளையாட்டு இங்க எடுபடலடி."

அந்த விளையாட்டு வாயாடிக்குத் தெரியாதா என்ன? வகுப்பில் நுழைந்ததும் அம்மா வேண்டுமென்றே ஆங்கிலத்தில் ஐந்து பொய் சொல்வாள். பிள்ளைகள் "நோ!" என்று கத்தி, உண்மையை ஆங்கிலத்திலேயே சொல்லவேண்டும். அம்மாவின் பழைய பள்ளியில் அந்தச் சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கே வந்துவிடுவார்.

"இன்னிக்கு எருமை பறக்கும்னு சொன்னேன். நாப்பது பேரும் எழுந்து நின்னு 'யெஸ் டீச்சர்'னு தலையாட்டுதுங்க! ஒரு பொண்ணு அதை நோட்டுல வேற எழுதிக்கிட்டா."

அப்பா குபீரென்று சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"டீச்சரைப் பார்த்துத் தப்புன்னு சொல்றது இங்க மரியாதை இல்லையாம். ஹெட்மிஸ்ட்ரஸ் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாங்க. அப்பவும் பிள்ளைங்க பேசலன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

ஊருக்கு அனுப்பிடுவாங்க! வாயாடியின் மனசு துள்ளியது. இன்னும் மூன்றே நாள். அம்மா வந்துவிடுவாள். ஜடை வலிக்காது.

ஆனால் போனை வைத்த பிறகு, பழைய பள்ளியை மூடிவிட்ட பிறகு கழிந்த அந்த ஏழு மாதம் அவள் நினைவுக்கு வந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, காலி சாக்பீஸ் டப்பாவைத் திறப்பாள், மூடுவாள். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். வேலை கிடைத்த அன்று, "எனக்கு மறுபடியும் ஒரு கிளாஸ் கிடைச்சிடுச்சுடி!" என்று வாயாடியைத் தூக்கிச் சுற்றினாள். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தது வேறு கதை.

வாயாடிக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. தோன்றாமலே இருந்திருக்கலாம். சொல்லாவிட்டால் அம்மா வந்துவிடுவாள். ஆனால் வருவது அந்த ஜன்னலோர அம்மாவாக இருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் போனை வாங்கினாள். குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்.

"அம்மா, டீச்சரைத்தானே தப்புன்னு சொல்லக்கூடாது? நான் டீச்சர் இல்லையே, சின்னப்பொண்ணுதானே! இதைக் கிளாஸ்ல போடு."

பிறகு ஆங்கிலத்தில் ஐந்து பொய். எங்கள் பூனை முட்டை போடும். என் அப்பாவுக்கு மூன்று காது...

"என்னை ஏம்மா இழுக்கிறே?" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை அம்மா போனிலேயே குதித்தாள். "பூனைக்கே கிளாஸ் ரெண்டாயிடுச்சுடி! ஹெட்மிஸ்ட்ரஸே சிரிச்சிட்டாங்க. வேலை உறுதியாயிடுச்சு, ரெண்டு வருஷத்துக்கு!"

"சூப்பர்மா" என்றாள் வாயாடி. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

அப்பா கதவைத் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து, "திங்கக்கிழமைக்கும் அஞ்சு பொய் வேணுமாம், உங்கம்மா கேக்குறா" என்றார் மெதுவாக.

நான்கு பொய் சுலபமாக வந்தது. ஐந்தாவது தானாகவே வாயில் வந்தது. அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை, வகுப்பில் பதிவு செய்ததை அம்மா அனுப்பியிருந்தாள். அப்பாவும் மகளும் போன்மேல் குனிந்து கேட்டார்கள். மீன் மரம் ஏறும். "நோ!" சூரியன் சில்லென்று இருக்கும். "நோ!" ஒவ்வொரு பொய்க்கும் ஒரே கூச்சல், சிரிப்பு.

பிறகு வாயாடியின் ஐந்தாவது பொய் கேட்டது.

"எனக்கு அம்மா ஞாபகமே வருவதில்லை."

சிரிப்பு நின்றது. யாரும் கத்தவில்லை. ஒரு சின்னக் குரல் மட்டும், "நோ" என்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நாற்பது குரலும் சேர்ந்து, மெதுவாக, "நோ". கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவின் குரலும் சொன்னது.

அப்பா சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜலதோஷம்மா."

"சும்மா கதை விடாதீங்கப்பா" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள் வாயாடி.