வலி விட்ட பிறகு

முனகல் நின்றுவிட்டது.

அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த டில்லிபாபு அப்படியே நின்றான். இரண்டு நாளாகப் பட்டாபிராமின் அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மின்விசிறிச் சத்தத்தோடும் தைல வாசனையோடும் கலந்து அந்த முனகல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டு வயது மகள் மதிவதனிக்குக் கெண்டைக்கால் வலி. வைரஸ் காய்ச்சலென்றால் உடம்பு வலி இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். காலையிலிருந்து அவனுக்கும் அதே காய்ச்சல். கால் இரண்டையும் ஈரத்துணியாக முறுக்கிப் பிழிந்தது.

வலியைக் கண்டு அவன் பயப்படவில்லை. போன கார்த்திகையில் இதே மாதிரிக் காய்ச்சலில் கிடந்த அவன் மனைவி கஸ்தூரிக்கு ஒரு காலையில் சட்டென்று வலி விட்டது. அப்பாடா என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிரித்தாள், பாவி. அவனும் நிம்மதியாக அம்பத்தூருக்கு ஷிப்டுக்குப் போனான். சாயங்காலம் அவள் இல்லை. வலி விட்ட பிறகுதான் ஆபத்தே என்று அப்புறம் சொன்னார்கள்.

அறைக்குள் போனான்.

"இன்னா கண்ணு, வலிக்குதா?"

"இல்ல நைனா. இந்தக் காலு நல்லா ஆயிடுச்சி. அம்மா புடிச்சி உட்டுச்சி."

மத்தியான வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. வேறு யாருமில்லை. ஆனால் மதியின் இடது கெண்டைக்கால் சதை மெல்ல உள்ளே அமுங்கியது. எழுந்தது. சற்று மேலே மறுபடி அமுங்கியது. அவசரமில்லாமல், ஆசையாக. கஸ்தூரி அப்படித்தான் பிடித்துவிடுவாள்.

பெற்ற பிள்ளையின் வலி பொறுக்காமல்தான் வந்திருக்கிறாள். இதனால் என்ன ஆகுமென்று செத்தவளுக்கு யார் சொல்வது?

"வேணாம் கஸ்தூரி. கொயந்தைக்கு வலிக்கட்டும். உட்டுடு."

முழங்கால் அமுங்கியது. தொடை.

"அம்மா, இடுப்புல," என்றாள் மதி, கண்ணை மூடியபடி.

கட்டிலில் விழுந்தான். மகளின் கால்மேல் தன் காலைப் போட்டு மறைத்தான்.

"எனக்கும் வலிக்குதுடி. என்னிய புடிச்சி உடு. என்னிய."

ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

பிறகு மதி வீறிட்டாள். "நைனா, காலு வலிக்குது! அம்மாவ வரச்சொல்லு!"

அவளை மார்போடு அணைத்துக்கொண்டான். அழட்டும். நன்றாக அழட்டும். அவன் கெண்டைக்காலில் இரண்டு கட்டைவிரல்கள் பதிந்தன. குளிர்ந்திருந்தன. பழகிய விரல்கள். எவ்வளவு நாளாயிற்று. முழங்கால்வரை வலி விட்டது. விரல்கள் மேலே ஏறின.