கங்கம்மாவின் இரண்டு படங்கள்

“கங்கம்மாவோட உறை இருக்கு டாக்டர். உள்ளே பிலிம் இல்ல.”

“யாராவது பார்க்க எடுத்திருப்பாங்க, ஐரின்.”

“யாரு?”

காலை 9.40. அடையாறு மார்பகப் பரிசோதனை மையத்தின் பதிவறை. இளம் டாக்டர் லாய்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐரின் அங்கே இருபது வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். பிலிம், டிஜிட்டல் இரண்டில் எது நோயைச் சரியாகக் காட்டுகிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு படம். பிலிமை மூத்த டாக்டர் வேதநாயகம் படிப்பார். டிஜிட்டல் படத்தை லாய்ட். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

எட்டு மாதத்துக்கு முன் கொட்டிவாக்கத்து மீன்காரி கங்கம்மாவுக்கு இருவரும் ஒன்றையே எழுதினார்கள்: ‘பவுடர் துகள். பயமில்லை.’ வேர்க்குருவுக்கு அப்பிய பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாய் விழும். அடுத்த தடவை பவுடர் போடாமல் வரச் சொல்லி லாய்ட்தான் சிரித்து அனுப்பினான். கட்டி தட்டுப்படுகிறது என்று நேற்று மையத்துக்குப் போன் செய்தாள். இன்று வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐரின் கேட்டாள். பதிவறைச் சாவி யாரிடம்? இரண்டு டாக்டர்களிடமும். நேற்று கடைசியாக வீட்டுக்குப் போனது? லாய்ட். பவுடர் என்பது அவனுடைய சொந்த முடிவுதானா?

“ஆமா.”

அவள் தன் நோட்டில் கங்கம்மா முதலில் வந்த நாளின் பக்கத்தை விரித்தாள். 10.10, பிலிம். 10.25, ஈரத்துணி. 10.30, டிஜிட்டல்.

“பிலிமைக் கழுவினதும் பவுடர் தெரிஞ்சுது. தொடச்சு விட்டுட்டுத்தான் ரெண்டாவது படம் எடுத்தேன். பெரியவர் பார்த்ததுல பவுடர் இருந்துச்சு. உங்க படத்துல இருக்க வழியே இல்ல டாக்டர். அதுல மிச்சமிருந்த புள்ளி உடம்புக்குள்ள இருந்தது. அவர் எழுதினதைப் பார்த்து எழுதினீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சா தெரிஞ்சிடும்னு பிலிமை எடுத்துட்டீங்க.” நோட்டை மூடினாள். “எட்டு மாசமா இந்த நோட்டை நானும் திருப்பிப் பார்க்கல.”

லாய்ட் பையைத் திறந்தான். டிபன் டப்பாவுக்கு அடியில் பிலிம் வளைந்து கிடந்தது. அன்று அவனுக்குச் சந்தேகம் வந்தது உண்மை. பெரியவரின் தாளைப் புரட்டினான். அவரைவிட நமக்கென்ன தெரியும் என்று தன் கண்ணையே நம்பாமல் விட்டான். ஐரினின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். கங்கம்மா எழுந்து, வேர்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

“நைனா, அன்னிக்கு நீதான சொன்னே, வெறும் பவுடருன்னு. இன்னொரு தபா அதையே சொல்லேன்.”