சதுப்பில் கூப்பிட்ட குரல்

சிராங்கூன் ரோட்டு எருமைகள் அன்று குளத்தில் இறங்க மறுத்துவிட்டன. காலையிலிருந்து வண்டி இழுத்த களைப்பு, போதாததற்கு நான்கு மணி வெயில். மாட்டுக்காரன் வாலை முறுக்கிப் பார்த்தான், வாயில் வந்தபடி திட்டியும் பார்த்தான். ஊகூம், அசையவில்லை. கரையில் வரிசையாக நின்று, குளத்துக்கு அப்பால் சதுப்பு தொடங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்வாசலில் நின்ற யோகம் அதைக் கவனித்தாள். நான்கு நாளாக அவளும் அந்தப் பக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கணவர் விஸ்வலிங்கத்துக்கு நில அளவைக் கந்தோரில் உத்தியோகம். செவ்வாய்க்கிழமை காலை, அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு சதுப்பை அளக்கப் போனார். மூவரும் திரும்பவில்லை. அதற்கு முன்பே கீரை போட்ட சீனர் ஒருவரும், நண்டு பிடிக்கப் போன மலாய்க்காரர்கள் இருவரும் அங்கே காணாமல் போயிருந்தார்கள். ஆக ஆறு பேர். தேடினவர்களுக்கு ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. “கப்பலேறி யாழ்ப்பாணம் போயிருப்பார்,” என்றார் தலைமைக் கிளார்க். போவாராம்! சந்தைக்குப் போவதென்றாலே மூன்று தடவை சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அவர்.

காவல் நிலையத்தில் அதைவிடக் கேவலம். புருஷன் பெயரைக் கேட்டார்கள். யோகம் அவருக்கு ஊரிலிருந்து வந்த கடித உறையை எடுத்து நீட்டினாள். பெண்சாதி தன் வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள்; ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. போலீஸ்காரர் சிரித்தார். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது அவளுக்கு.

ஐந்து மணிக்கு ஒலி முகம்மது வந்தார். நாகூர்க்காரர், சதுப்பு ஓடைகளில் சம்பான் என்ற சிறு படகைத் தள்ளிப் பிழைப்பவர்; யோகத்துக்கு அண்ணன் முறையில் ‘நானா’.

“உங்க வீட்டுக்காரர் குரல் கேக்குதும்மா. நேத்தும் கேட்டுச்சு, இன்னைக்கும் கேட்டுச்சு. நான் கூப்பிட்டா பதில் இல்ல. வீட்டு ஆள் வந்து கூப்பிட்டாத்தான் வருவாரு போல.”

“உயிரோட இருக்கிறாரோ, நானா?”

அவர் திரும்பி ஓடைப்பக்கம் நடந்தார். யோகம் கதவைக்கூடச் சாத்தாமல் பின்னால் ஓடினாள்.

சம்பான் உள்ளே போகப் போக ரோட்டு வண்டிகளின் சத்தம் தேய்ந்தது. அழுகிய இலையும் உப்பும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை சேலைத் தலைப்பைத் தாண்டி மூக்கில் ஏறியது. இரு பக்கமும் கண்டல் மர வேர்கள் சேற்றில் விரல் ஊன்றி நிற்க, அவற்றின் நிழல்கள் தண்ணீரில் நீண்டு நீண்டு சம்பானுக்கு அடியில் போய் மறைந்தன. தவளைகூடக் கத்தவில்லை. ஒலி முகம்மதுவின் கழி சேற்றிலிருந்து பிடுங்கப்படும் ஓசை மட்டும் கேட்டது, அதுவும் ஒவ்வொரு தடவையும் யாரோ அடியில் பிடித்துவிட்டு விடுவதைப் போல.

அவர் நிறுத்தினார்.

“இப்பக் கூப்பிடுங்கம்மா. பேர் சொல்லிக் கூப்பிடணும். இங்க நாங்க யாரும் பேர் சொல்லாமக் கூப்பிட மாட்டோம். பொதுவாக் கூப்பிட்டா, காணாமப்போன அத்தன பேரும் நம்மளத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு வந்துருவாங்க.”

யோகம் வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்லாமல் மூடினாள். ஒருவேளை உயிர் இருந்தால்? இழுத்துக்கொண்டு கிடந்தால்? மிச்சமிருக்கிற ஆயுளையும் நானே அறுத்துவிடவா? ஐயோ, முருகா! சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில், அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ!”

“அம்மா!” என்றார் ஒலி முகம்மது. கழி அவர் கையிலிருந்து நழுவியது.

“ஓம்.”

அவள் கணவரின் குரல். அவள் கூப்பிட்டால் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் பதிலாகச் சொல்கிற அதே சோம்பல் ஓம். யோகம் அழுகையும் சிரிப்புமாக எழுந்து நின்றாள்.

“நானா, கேட்டியளே! அவர்தான்!”

“ஓம்.” இடப்பக்கத்திலிருந்து.

அதே குரல்.

“ஓம்.” பின்னாலிருந்து. “ஓம்.” கண்டல் வேருக்குள்ளிருந்து. “ஓம்.”

தலைகள் எழுந்தன. ஒன்று. இரண்டு. சேறு பூசிய முகங்கள். கண் இருந்த இடமும் சேறு. வாய் மட்டும் திறந்திருந்தது. ஒரு தலையிலிருந்து நனைந்த சீனப் பின்னல் தொங்கியது. ஐந்து பேர்.

ஆறாவது ஆள், அவள் கணவர், பதில் சொல்லவில்லை. தூரத்தில், மரத்தடியில், வாய்வரை சேற்றில் புதைந்து ஒரு கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. இமைத்தன.

உயிர் இருந்தது.

“வாயத் திறக்காதீங்க!” ஒலி முகம்மது அவள் காலைப் பிடித்துக்கொண்டார். “இதுங்க வந்துட்டப்புறம் பேரச் சொல்லிட்டா, அந்தப் பேரு இதுங்களுக்குப் போயிரும்!”

சேறு கண்வரை ஏறியது. நெற்றியை மூடியது. கை மட்டும். மணிக்கட்டு. விரல்கள்.

ஒன்பது வருஷம் சொல்லாததை யோகம் கத்தினாள்.

“விஸ்வலிங்கம்!”

விரல்கள் விரிந்தன. உள்ளே போயின. குமிழிகூட வரவில்லை.

“ஓம்,” என்றார்கள் ஐந்து பேரும்.

சேறு வழிந்தது. கன்னத்திலிருந்து, கண்ணிலிருந்து, மெதுவாக. பின்னல் தொங்கிய தலையிலும் அவர் முகம். பக்கத்துத் தலையிலும் அவர் முகம். ஐந்திலும். பாசத்தோடு அவளைப் பார்த்தன.

சம்பான் விளிம்பில் பத்துக் கைகள்.

“நீர் கூப்பிட்டனீர்தானே, யோகம்,” என்றன ஐந்து வாய்களும். “வாரும், வீட்டை போவம்.”

ஐவரும் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கினார்கள்.