படகுத்துறை மணி

எல்லாப் படகுகளையும் கட்டிய பிறகும் அலமாரியில் ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது.

படகு எடுப்பவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். யார் திரும்பவில்லை என்று அதை வைத்துத்தான் அவன் கண்டுபிடிப்பான். இது குழந்தைச் செருப்பு. மகளுடையது அல்ல, அவள் மேசைக்கடியில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தான். உள்ளே ஈரம், நெடுநாள் மூடிக் கிடந்த சேற்றின் நாற்றம்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூங்காவில் ஆளில்லை, ராட்டினத்தின் தகரக் கூரை சூடு தணிந்து சடசடக்க, தண்ணீர் கரைக்கல்லை விடாமல் நக்கிக்கொண்டிருக்க, அக்கரைக் காலனியின் விளக்குகள் ஏரியில் மஞ்சளாக நெளிந்தன. விசில் ஊதினான். பதில் இல்லை. விசில் அவ்வளவு தூரம் எட்டாது. தூணில் தொங்கும் மணி எட்டும்.

அந்த மணியைப் பற்றி அக்கரைக் காலனியில் இருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, சொல்லியிருக்கிறான். ஏரிக்கடியில் அவர்களுடைய ஊர் இருந்தது. அணை கட்டியவர்கள் சொன்ன நாளுக்கு முன்பே தண்ணீரை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்ததால் வாத்தியார் மணியடித்துப் பிள்ளைகளை அங்கே சேர்த்தார். வந்து வரிசையில் நின்றார்கள். மேடு போதவில்லை. மிஞ்சியவர்களுக்கு அக்கரையில் காலனி. பிறகு இக்கரையில் பூங்கா, படகு, ராட்டினம். மணியை அழகுக்கு மாட்டினார்கள்.

"எதை வேணா தொடுங்க மச்சான், அதைத் தொட்டா எங்க ஆளுங்க உங்களை ஏரியிலயே ஊறப்போட்டுடுவாங்க" என்று அன்று சிரித்தான்.

ஆனால் ஒரு குழந்தை தண்ணீரில் இருக்கலாம். மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து அவன் மகளைக் கண்ணைவிட்டு அகல விட்டதில்லை. அவளோ பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு என்று தினமும் நச்சரிக்கிறாள். இன்னும் சேர்க்கவில்லை.

கயிற்றைப் பிடித்து அடித்தான்.

அக்கரையில் விளக்குகள் அணைந்தன. எல்லாமும்.

அடித்துக்கொண்டே இன்னொரு கையால், அலறிய போனை எடுத்தான். மச்சான்.

"நிறுத்திடாதீங்க. மணி அடிக்கிற வரைக்கும்தான் நிப்பாங்க. மணி நின்னுட்டா கிளம்பிடுவாங்க."

"யாரு?"

"பாப்பா எங்க இருக்கா?"

அவன் சொன்னான். அந்தப் பக்கம் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

"நாங்க யாரும் வர மாட்டோம் மச்சான். எங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கு."

போன் அடங்கியது.

பலகைப் பாலத்தில் காலடிகள். சின்னக் காலடிகள், ஈரமாக, ஒன்றின்பின் ஒன்றாக, பலகையில் ஒட்டி ஒட்டி எடுத்துவைப்பவை. பிள்ளைகள் உயர வரிசையில் வந்து நின்றார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. வாயிலும் சேறு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வரிசை நடுவில் ஓர் இடம் காலி.

மேசைக்கடியிலிருந்து மகள் வெளியே வந்தாள்.

"அப்பா, ஸ்கூல் வெச்சுட்டாங்க."

ஓடினாள். காலி இடத்தில் நின்றாள். உயரம் சரியாக இருந்தது. இருபுறமும் இருந்தவர்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாப்பா. இங்க வா."

அவள் ஒரு கையை விடுவித்து, விரலை உதட்டில் வைத்து, பேசக் கூடாது என்று காட்டினாள். பிறகு கையைத் திரும்பக் கொடுத்தாள்.

கயிற்றைப் பிடித்தபடி எட்டும் தூரத்தில் அவள் இல்லை. கயிற்றை விட்டால் மணி நிற்கும்.

அடித்தான். உள்ளங்கை உரிந்தது. அடித்தான். தோள் செத்தது. கையை மாற்றினான். ஒரு கணம் தாளம் தப்பியது.

வரிசை முழுவதும் ஏரியைப் பார்த்துத் திரும்பியது.

அவளும்.