எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க

சந்திரனில் பட்டுப்புடவையின் கரைக்குள் ஈயக் குண்டுகள் வைத்துத் தைப்பார்கள். இல்லாவிட்டால் கொசுவம் கீழே தங்காது. வேட்டிக்கும் அதே ஏற்பாடுதான். அன்று மாலை தென்முனைக் குடியிருப்பின் விருந்து மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கனத்த கரைகளோடு வந்திருந்தார்கள். வாசலில் இருந்த பன்னீர் இயந்திரம் மட்டும் இன்னும் பூமிக் கணக்கிலேயே தெளித்ததால், பன்னீர் அத்தனை பேர் தலையையும் தாண்டி எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தெளித்தாகிவிட்டது என்பதுதானே முக்கியம்.

அது ஒரு மொய் விருந்து. சாப்பிட்டவர்கள் போகும்போது மொய் வைப்பார்கள். சேரும் பணம் யாருக்காக விருந்தோ அவருடைய கஷ்டத்துக்குப் போகும். பூமியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். இங்கே கதவருகே சுவரில் ஒரு மொய்த்தகடு பதித்திருக்கும். அதில் விரலை வைத்துத் தொகையை மனதில் நினைத்தால் போதும், பிடரியில் உள்ள சில்லு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தகட்டுக்குப் பக்கத்து மேசையில் தாம்பூலப் பைகள். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். அது நிஜமான பூமித் தேங்காய் என்பதால் குடியிருப்பு முழுவதும் அதே பேச்சாக இருந்தது.

இந்த விருந்து வைரவனுக்காக. பூமிக்கும் சந்திரனுக்கும் இடையே ஓடும் பயணிகள் கலத்தில் அவன் பணியாளன். போன மாதம் கலம் தரையிறங்கியதும் உள்ளே புகை சூழ்ந்தது. அவனும் தலைமைப் பணிப்பெண் பிளோமினாவும் பயணிகள் அத்தனை பேரையும் உயிரோடு வெளியேற்றினார்கள். வைரவனின் நுரையீரல் மட்டும் வெந்துபோனது. புதிதாக ஒன்றை வளர்த்துப் பொருத்தலாம். மருத்துவமனையின் வளர்ப்புத் தொட்டி ஒன்று காலியாக இருந்தது. விருந்துக்கு மறுநாள் காலைக்குள் பணம் கட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

விருந்தை ஏற்பாடு செய்தவர் அருணகிரி. குடியிருப்பின் தண்ணீர் வியாபாரி, அன்று உயிர் தப்பிய பயணிகளில் ஒருவர். மேடைக்குப் பின்னால் பிளோமினாவைத் தனியாக அழைத்தார்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கம்மா. பெட்டி கிட்டின்னு பேச்சை எடுக்க வேண்டாம். மனசு புண்பட்டா யாரும் மொய் வைக்க மாட்டாங்க."

"யாரையும் பேர் சொல்ல மாட்டேன் சார். அடுத்த தடவையாவது பெட்டியைத் தூக்காம ஓடுங்கன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"இன்னைக்கு வேண்டாம். தம்பிக்காகப் பொறுத்துக்குங்க."

தம்பிக்காக அவள் பொறுத்துக்கொண்டாள்.

வாழையிலையில் சாப்பாடு நடந்தது. ரசம் துள்ளிவிடும் என்பதால் அதற்கு மட்டும் உறிஞ்சுகுழல் வைத்த கிண்ணம். மேடையில் பிளோமினாவுக்குப் பொன்னாடைகள் போர்த்தினார்கள். சந்திரனில் பொன்னாடை மெதுவாகத்தான் இறங்கித் தோளில் உட்காரும். படம் எடுப்பவர்களுக்கு அது வசதி.

பிறகு விபத்துக் காட்சியை மண்டபத்தின் நடுவே ஒளியுருவில் ஓட்டினார்கள். "எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க!" என்று ஒளியுருவ பிளோமினா கத்தினாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அருணகிரி மேடையேறினார்.

"இன்னொரு விஷயம் சொல்றேன் கேளுங்க. நெரிசல்ல என் பெட்டியை விட்டுட்டேன். அந்தத் தம்பி திரும்ப உள்ள போயி, அதைத் தூக்கிட்டு வந்து என் கையில கொடுத்தாரு. இப்படி ஒரு சேவை எங்கயாவது உண்டா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பெட்டி வெளியேறும் குழாயின் வாயில் சிக்கிப் பின்னால் வந்தவர்களை மறித்தது என்பதும், அதை இழுத்தெடுக்கத்தான் வைரவன் புகைக்குள் திரும்பினான் என்பதும் பிளோமினாவுக்குத் தெரியும். கையைக் கூப்பி, நன்றி என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் அபாயச் சங்கு ஊதியது. பட்டாணி அளவு விண்கல் ஒன்று கூரையைத் துளைத்திருந்தது. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பரிமாறும் இயந்திரங்கள் கரண்டியோடு நின்றுவிட்டன.

"எழுந்திருங்க! கதவு வழியா நடைக்கூடத்துக்குப் போங்க! எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க!"

பிளோமினாவின் குரலுக்கு உடனே பலன் இருந்தது. எல்லோரும் எழுந்தார்கள், கதவுவரை வேகமாகவே போனார்கள். கதவருகே வரிசை நின்றது.

"ஒரு குடும்பத்துக்கு எத்தனை பை?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மேசையருகே நின்ற தாம்பூல இயந்திரம் அவருடைய முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி வணங்கி, ஒரு பையை எடுத்து நீட்டியது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். காது அடைத்தது. ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறியது.

தள்ளிப் பார்த்துப் பயனில்லை என்று பிளோமினாவுக்குத் தெரியும். பொன்னாடைகளை உதறிவிட்டு மேசை மேல் தாவினாள். தாம்பூலப் பைகளைக் கூடை கூடையாகத் தூக்கிக் கதவுக்கு வெளியே நடைக்கூடத்தில் வீசினாள். தேங்காய்கள் மெல்ல மிதந்து போயின. கூட்டம் மொத்தமும் அவற்றின் பின்னால் பாய்ந்தது. மண்டபம் ஒரு நொடியில் காலியாயிற்று. கடைசியாக அவள் வெளியே வந்து கதவை அடைத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழுது பார்க்கும் இயந்திரங்கள் ஓட்டையை அடைத்து, காற்று நிரம்பியதும் கதவு திறந்தது. விருந்தினர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அருணகிரி மட்டும் கையில் பையோடு நின்றிருந்தார். பிளோமினா மொய்த்தகட்டைப் பார்த்தாள். அதில் ஒரு விரல்கூடப் பட்டிருக்கவில்லை.

"என்ன சார் இது? ஒருத்தர்கூட மொய் வைக்கலயே!"

"நீங்கதானேம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வரச் சொன்னீங்க?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருடைய கண் கலங்கியிருந்தது.

"ரெண்டாவது தடவையும் எங்களைக் காப்பாத்திட்டீங்க. அடுத்த வாரம் உங்களுக்கே ஒரு விருந்து வைக்கிறோம். தம்பிக்கும் சேர்த்துத்தான்."

"தொட்டி நாளைக்குக் காலை வரைக்கும்தான் சார்."

"அதையும் பேசுவோம். இந்த வாட்டி பையில ரெண்டு தேங்காய் போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

பிளோமினா தன்னிடம் இருந்ததையெல்லாம் மனதில் நினைத்து விரலைத் தகட்டில் வைத்தாள். தகடு பச்சையாக ஒளிர்ந்தது.

"நன்றி," என்றது. "தாம்பூலப் பைகள் தீர்ந்துவிட்டன. வருந்துகிறோம்."