காற்றுமறைவு

காலை ஐந்தரை மணிக்கு இரண்டாம் மணி அடித்ததும் பிலோமி முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைக் கழுத்தில் போட்டபடி மிதிக்கூடத்துக்குப் போனாள். அன்று திங்கட்கிழமை. திங்கள் என்றால் அவளுக்குக் கடல்.

வெயிலுக்குத் தப்பி ஊரே உள்ளே அடைந்து வாழும் பாளையங்கோட்டைக் குளிரகத்தில் மாடிக்கு ஒரு மிதிக்கூடம் உண்டு. ஏழாம் மாடிக் கூடத்தில் அறுபது சைக்கிள்கள். அவற்றில் ஒன்றும் நகராது. சுவரைப் பார்த்து நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். வாசல் முதுகுப் பக்கம். ஏறினால் எதிரே திரை, திரைக்கு மேலே ஒரு ஃபேன். பதினெட்டு வயதிலிருந்து அறுபத்தைந்து வரை எல்லோரும் நாளுக்கு ஒரு மணி நேரம் மிதித்தாக வேண்டும். மிதிமுறை என்று அதற்குப் பெயர். அதில் வரும் மின்சாரத்தில்தான் அந்த மாடியின் குளிர்காற்று ஓடியது. வெளியே இத்தனை வெயிலை வைத்துக்கொண்டு மனுசனை மிதிக்கவிடுவானேன் என்று கேட்டால், சூரியத் தகடுகள் எல்லாம் கடல்நீரைக் குடிநீராக்கவே சரியாகப் போகிறது என்பார்கள். குடிக்கிற தண்ணீரோடு யார் மல்லுக்கு நிற்பது?

சும்மா மிதித்தால் மனம் செத்துப்போகும் என்று தடப்பதிவுகளைக் கொடுத்திருந்தார்கள். வெயில் சட்டம் வந்து சாலைகளை மூடுவதற்கு முன், கேமராவோடு ஆட்களை அனுப்பிப் படம்பிடித்த வழிகள் அவை. நாம் மிதிக்கும் வேகத்துக்குத் திரையில் சாலை நகரும். ஏற்றம் வந்தால் பெடல் கனக்கும், குழி வந்தால் ஸீட் குலுங்கும், எதிர்காற்று அடித்தால் ஃபேன் சீறும்.

பிலோமி எடுப்பது தடம் நாற்பத்தொன்று. மணப்பாட்டில் தொடங்கும். முதல் இரண்டு நாள் கடலோரமாகவே உவரி வரை போகும். பிறகு திசையன்விளை, நாங்குநேரி, களக்காடு என்று காய்ந்த நிலத்தைத் தாண்டி, வெள்ளிக்கிழமை மணிமுத்தாற்றில் மலையடியைத் தொட்டு, சனிக்கிழமை மாஞ்சோலைக்கு ஏறும். ஞாயிறு ஓய்வு. திங்கள் மறுபடியும் மணப்பாடு.

மற்ற தடங்களில் ஆளே கிடையாது, வெறும் சாலைதான். நாற்பத்தொன்றில் மட்டும் முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். நீல பனியன், வெயிலில் கறுத்த பிடரி, வலது காது மடலில் ஒரு வெட்டு. அது ரெமிஜியூஸ். பிலோமியின் வீட்டுக்காரர்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன், தூத்துக்குடி சைக்கிள் குழுவிலிருந்து அந்த வழியைப் படம்பிடிக்கப் போனது இவர்கள் இரண்டு பேரும்தான். கேமரா பிலோமியின் ஹேண்டில்பாரில். சைக்கிள்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார்; பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மிதி லேசாகிவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும் ரெமி மாறவில்லை. நீ படத்தைப் பாரு, காத்தை நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மூன்றாம் வருஷம் வெளிவேலைக்குப் போன இடத்தில் வெயில் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஃபோட்டோக்கள் அவளிடம் உண்டு. ஆனால் ஃபோட்டோ அசையாது. அசைகிற ரெமி இந்தத் தடத்தில் மட்டும்தான் மிச்சம்.

பதிவுக்கு நிரல் எழுதியவன் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன்போல. ரெமியின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஃபேன் அடங்கும், பெடல் இளகும். அச்சு அசலான காற்றுமறைவு. குழி வருகிற இடத்தில் ரெமியின் இடதுகை கீழே இறங்கி விரல் நீட்டிக் காட்டும். பிலோமி ஒதுங்கிக்கொள்வாள். இருபத்து மூன்று வருஷமாக அவள் ஒரு குழியிலும் விழுந்ததில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு சங்கடம். மலையில் ஒன்பதாம் வளைவு திரும்பியதும் ரெமியின் வலது முழங்கை வெளிப்பக்கமாக இரண்டு முறை அசையும். முடியலை, நீ முன்னால வா என்பதற்கான சைகை அது. மாறுவதில்லை என்று பேசியிருந்தும் பழக்கத்தில் கை அசைந்துவிட்டது. படம் கெட்டுவிடுமே என்று அன்றைக்கு அவள் போகவில்லை. இன்றைக்கு எவ்வளவு மிதித்தாலும் போக முடியாது; பின்தங்கலாம், தாண்ட முடியாது, பதிவு அப்படி. வாரத்துக்கு ஒருமுறை அவர் கேட்பார். வாரத்துக்கு ஒருமுறை இவள் பேசாமல் பின்னால் வருவாள். அது அவளை அரித்தது.

அந்தத் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முப்பது பேருக்குக் குறைவாக எடுக்கும் தடங்களை மாதக் கடைசியில் நீக்கப்போகிறார்களாம். நாற்பத்தொன்றை எடுப்பவர்கள் மூன்று பேர். ஏற்றம் உள்ள தடத்தை எவன் எடுப்பான்?

பிலோமி அதிகம் பேசாதவள். அந்த வாரம் பேசினாள். பக்கத்து சைக்கிள் ஆவுடைத்தங்கத்திடம்தான் முதலில் ஆரம்பித்தாள். ஆவுடைத்தங்கத்துக்கு மூட்டு வலி, முறை முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“மயினி, நாப்பத்தொண்ணு போட்டுப் பாருங்க. முன்னால ஒரு ஆளு போவாக. அவுக சக்கரத்தை விடாம ஒட்டிப் போங்க. காத்து படாது, பெடலு பூவா இருக்கும்.”

சொல்லும்போதே ஒரு பொறாமை நெஞ்சில் சுருக்கென்றது. தன் ஆளை ஊருக்குத் தூக்கிக் கொடுக்கிறோமே என்றிருந்தது. ஆனால் கொடுக்காவிட்டால் அடியோடு போய்விடுவார்.

மறுநாள் ஆவுடைத்தங்கம் வியர்வையே இல்லாமல் இறங்கினாள். அது போதாதா? கூடத்தில் பேச்சுக் காட்டுத்தீயாய்ப் பரவியது. மூன்று பேர் இருபதாகி, மூன்றாம் வாரம் அறுபது திரையிலும் ரெமியின் நீல பனியன். ‘அண்ணாச்சி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி புண்ணியத்துல இன்னைக்கு முடிஞ்சிது என்பான் ஒருவன். வலது காதுல என்ன காயம் என்று விசாரிப்பாள் ஒருத்தி. தூண்டில் முள் கிழித்தது என்று பிலோமி சொல்வாள். இத்தனை வருஷம் கழித்து அவரைப் பற்றிக் கேட்க ஆள் இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். மிதி லேசானால் மின்சாரம் எங்கிருந்து வரும்? இதை ஒருவரும் யோசிக்கவில்லை. அறுபது பேரும் காற்றுமறைவில் சுகமாக மிதித்துவிட்டுப் போக, ஏழாம் மாடியில் பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர்காற்று நிற்க ஆரம்பித்தது. முதலில் கால் மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் ஆவுடைத்தங்கத்தின் மகள் வயிற்றுப் பேரனுக்கு, ஏழு மாதக் குழந்தைக்கு, சூட்டில் வலிப்பு வந்துவிட்டது. ஈரத்துணியில் சுற்றிக் கீழ்மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அன்று மாலையே மிதிக்கூட மேற்பார்வையாளர் பேச்சிராஜன் பிலோமியின் அறைக்கு வந்தார். நல்ல மனுசன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமையகத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா, தடத்தை நீக்கலை. இவ்வளவு பேரு எடுக்காங்கன்னு நிரந்தரமாவே வச்சிட்டாங்க. கடலு, மலை, வளைவு எல்லாம் அப்படியே இருக்கும். முன்னால போற ஆளு மட்டும் இருக்க மாட்டாக.”

“வழி எனக்கு எதுக்குப்பா?” என்றாள் பிலோமி.

அவரைத் தன் சைக்கிளில் மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள், ஈடாக இரண்டு முறை மிதிப்பதாகச் சொன்னாள். எல்லா மாடிக்கும் பதிவு ஒன்றுதான், ஒருவருக்கென்று தனியாக வைக்க வழியில்லை என்றார். அப்படியானால் பழைய பதிவில் ஒரு பிரதி கொடுங்கள் என்றாள். பழையதன் மேலேயே புதியதை எழுதுகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடக்கிறதாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன் அக்கா என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை.

அவளுக்குச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. யாரிடம் போடுவது? சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தங்கம் பேரனைத் தாலாட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மலை. கூடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிலோமி அவர் சக்கரத்தை ஒட்டியே ஏறினாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. கீழே மணிமுத்தாற்று அணை சின்னதாகிக்கொண்டே போனது. அவர் கையைக் காட்டிய குழிகளில் எல்லாம் ஒதுங்கினாள். ஒன்பதாம் வளைவு திரும்பியதும் வலது முழங்கை இரண்டு முறை அசைந்தது.

“வாரேன்,” என்றாள் அவள் முதல்முறையாக. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தாள். நீல பனியன் அதே தூரத்தில்தான் இருந்தது. மாஞ்சோலைத் தேயிலை தெரிந்த இடத்தில் மணி அடித்துத் திரை அணைந்தது.

ஞாயிறு ஓய்வு. அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு அவள் வேறு தடம் எடுப்பாள் என்றுதான் பேச்சிராஜன் நினைத்தார். அவள் நாற்பத்தொன்றையே போட்டாள். மணப்பாட்டு மணல்மேட்டுக் கோயில் தெரிந்தது, கடல் தெரிந்தது, சாலை தெரிந்தது. சாலையில் ஒருவரும் இல்லை. மிக நேர்த்தியாகத் துடைத்திருந்தார்கள், அவர் நிழல்கூட மிஞ்சவில்லை. ஃபேன் முழு வேகத்தில் முகத்தில் அறைந்தது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஸீட் தூக்கிப் போட்டது. குழி. காட்ட ஆளில்லை. பக்கத்தில் ஆவுடைத்தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள், மூட்டுக்காக மட்டும் அழுததாகத் தோன்றவில்லை.

முன்னால் ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று பிலோமி யோசித்தாள். சைக்கிள்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் களைத்துப் பின்னால் போயிருக்கிறார். இப்போது இவள் முறை. முன்னால் போகிறவருக்கும் சில ஒழுங்குகள் உண்டு. வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. பின்னால் வருகிறவரின் மறைவு கலைந்துவிடும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. நம்பி மிதிக்க வேண்டும்.

அவள் குனிந்து காற்றை வாங்கினாள். பெரியதாழை வரும் வரை ஒரே சீராக மிதித்தாள். அடுத்த குழி எங்கே என்று அவளுக்கு மனப்பாடம். அங்கே இடதுகையை இறக்கி விரல் நீட்டிக் காட்டினாள். கூடத்தின் பலகையில் அன்று அதிக மின்சாரம் கொடுத்தவர் என்று அவள் பெயர்தான் எரிந்தது. தலைமையகம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மணி அடித்தது. திரைகள் அணைந்தன. எல்லோரும் இறங்கித் துண்டை உதறிக்கொண்டு போனார்கள். பேச்சிராஜன் முதுகுப் பக்கத்து வாசலில் நின்று, முடிஞ்சிட்டுக்கா, எறங்குங்க என்றார். பிலோமி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போக வேண்டுமானால் அவள் பின்னால் திரும்பியாக வேண்டும்.